நாத்தனாராகப் போன வேதநாயகி

வேதநாயகியைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு முதலில் சிரிப்பு வருகிறது, அப்புறம் கோபம் வருகிறது. ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் பிடித்து உட்கார வைத்துக் கதை எழுத வைத்த ஒருத்தி, தான் மட்டும் ஒரு கதையைக்கூட முழுதாக எழுதாமல் இருக்க முடியுமா? முடியும். தொண்ணூற்றெட்டாம் வருஷத்து ஆவணி மாதம் வரை அவள் அப்படித்தான் இருந்தாள்.

நான் பிரிஜெட். மல்லேஸ்வரத்தில் ஒரு கான்வென்ட்டில் கணக்கு டீச்சர். விடை இல்லாத கணக்கைக் கண்டால் எனக்கு ஆகாது. வேதநாயகியின் கதைகள் எல்லாம் விடை இல்லாத கணக்குகள். ஆரம்பம் அப்படி அள்ளிக்கொண்டு போகும். ஒரு பெண் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் யாருடைய பெட்டியையோ தன் பெட்டி என்று தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். நாம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். வேதநாயகி காகிதத்தை மடிப்பாள்.

"அப்புறம்?" என்பேன்.

"அவ்வளவுதான் வந்துது டீச்சர்" என்பாள், வெட்கமே இல்லாமல்.

எங்கள் கூட்டம் சனிக்கிழமை சாயங்காலம் சீனிவாசராகவன் சார் வீட்டுக் கார் ஷெட்டில் நடக்கும். அவர் மாநில அரசின் பொதுப்பணித் துறையில் இருந்து ரிடையர் ஆனவர். தாத்தா காலத்திலிருந்தே மல்லேஸ்வரம்தான். காரை விற்றுவிட்டார். ஷெட்டை விற்க முடியாதே, அதனால் இலக்கியத்துக்குக் கொடுத்துவிட்டார். பொம்மனஹள்ளியிலிருந்து தனக்கோடி இரண்டு பஸ் மாறி வருவான். அவன் தையல் ஃபாக்டரி ஒன்றில் சூப்பர்வைசர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரன், சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். இன்னும் சிலர் வருவார்கள், போவார்கள். வேதநாயகி மட்டும் ஒரு வாரம் தவறியதில்லை.

அவளுக்கு வேலை ஒரு பெரிய ஃபாக்டரியில் டெலிபோன் ஆபரேட்டர். பலகை முன்னால் உட்கார்ந்து, வருகிற கால்களை உள்ளே இருக்கிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அந்த வேலையில் கெட்டியான ஒரு விதி உண்டு. லைன் கொடுத்த உடனே இறங்கிவிட வேண்டும், ஒட்டுக் கேட்கக் கூடாது. அவளும் கேட்டதில்லை. "ஹலோ, நீங்களா? எத்தனை வருஷம் ஆச்சு!" என்று ஒரு குரல் நடுங்கும், இவள் இறங்கிவிடுவாள். "சார், வீட்டில ஒரு விஷயம்..." என்று ஒரு குரல் தயங்கும், இவள் இறங்கிவிடுவாள். பத்தொன்பது வயதிலிருந்து அதே வேலை. கன்னடம், தமிழ், இங்கிலீஷ், கொஞ்சம் உருது என்று எல்லா மொழியிலும் ஆரம்பங்கள் மட்டுமே அவள் காதில் விழுந்திருந்தன.

ஆனால் மற்றவர்களை எழுத வைப்பதில் அவள் ராட்சசி. ஷெட்டுக்குள் நுழையும்போதே ஒரு பயிற்சியோடுதான் நுழைவாள். "உங்க மேனேஜரோட ஸ்கூட்டர் வாயைத் திறந்தா என்ன பேசும்? எழுதுங்க." "மழை பெய்யணும், ஆனா தண்ணின்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. எழுதுங்க." "பேனாவை எடுக்காம எழுதுங்க. எழுத ஒண்ணும் இல்லன்னா, எழுத ஒண்ணும் இல்லன்னே எழுதுங்க."

இந்தக் கடைசிப் பயிற்சியைச் சீனிவாசராகவன் சார் அப்படியே எடுத்துக்கொண்டார். அரசாங்க ஃபைலில் எழுதிப் பழகிய முத்து முத்தான கையெழுத்தில் 'எழுத ஒன்றும் இல்லை' என்று பக்கம் பக்கமாக எழுதினார். தனக்கோடி எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டான். ஆனால் அந்தப் பக்கங்களின் அடியில் ஒரு வரி வந்திருந்தது. 'தம்பி இறந்தபோது நான் டூரில் இருந்தேன்.' சார் அதைத் தானே திரும்பப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அதுதான் அவருடைய முதல் கதை ஆயிற்று. பத்திரிகையிலும் வந்தது.

தனக்கோடி கதையை அவனே சிரித்துச் சிரித்து எங்களிடம் சொல்லியிருக்கிறான். அவன் பாதிக் கதையில் சோர்ந்து உட்கார்ந்தால், அவன் ஃபாக்டரிக்கு ஃபோன் போகும். "ஒன் மினிட் சார், உங்களுக்கு ஒரு முக்கியமான கால்" என்று வேதநாயகியின் ஆபரேட்டர் குரல் கேட்கும். முதலாளியின் அறையில் விறைத்துக்கொண்டு நிற்பான் தனக்கோடி. "இரண்டாவது பக்கம் ஆச்சா? மோசமா இருந்தாலும் பரவாயில்ல, எழுது. மோசமா எழுதறதுக்கு யாருக்கும் பர்மிஷன் வேணாம்." இவன் முதலாளி முகத்தைப் பார்த்துக்கொண்டே, "சரிங்க மேடம், ராத்திரிக்குள்ள டெலிவரி குடுத்துடறேன்" என்பான். அப்படியே ஆறேழு கதைகள் எழுதிவிட்டான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வருஷா வருஷம் நாங்கள் எழுதியதை ஜெராக்ஸ் போட்டு, நடுவில் பின் அடித்து, 'ஷெட் மலர்' என்று ஒரு தொகுப்புப் போடுவோம். அந்த வருஷம் ஆகஸ்டில் சேலத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த சௌம்யா என்ற பெண் கூட்டத்துக்கு வந்தாள். பழைய மலர்களை எல்லாம் ஆசையாகப் புரட்டினாள். புரட்டிவிட்டு, "மேடம், இதுல உங்க கதை எது?" என்று கேட்டாள்.

வேதநாயகி எப்போதும் போலச் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "நான் சும்மா பயிற்சி குடுக்கறவம்மா" என்றாள். அந்தக் குழந்தையின் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. கேள்வி நியாயமானது என்பதால் அந்த ஆத்திரம் இன்னும் அதிகமாயிற்று.

அன்றைக்குக் கேட் வரை வந்த வேதநாயகி நின்று, எங்கள் மூன்று பேரிடமும் சொன்னாள்: "இந்த மலருக்கு ஒரு கதை முழுசா எழுதித் தருவேன். முடியலன்னா இனிமே இந்த ஷெட்டுக்கு வர மாட்டேன். சாதம் வடிக்கத் தெரியாதவ சமையல் கிளாஸ் எடுக்கற மாதிரி இருக்கு, எனக்கே நல்லா இல்ல." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. அவள் இல்லாத சனிக்கிழமையை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அடுத்த வாரம் ஒரு பயிற்சியோடு வந்தாள். அதைக் கேட்டதும் எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும் நான்.

"ஒரு கல்யாணத்துக்குப் போறோம். தெரியாதவங்க கல்யாணம். ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒரு பந்தி சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அந்தப் பாத்திரமாவே இருக்கணும். யார் யாரா வரோம்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லக் கூடாது."

"மாட்டிண்டா?" என்றார் சீனிவாசராகவன் சார்.

"மாட்டாத மாதிரி பாத்திரத்தை உருவாக்கறதுதான் சார் பயிற்சியே."

அவர் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு கல்யாணச் சத்திரம். அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே பெண் வீடு தமிழ், ஒக்கலிபுரம். மாப்பிள்ளை வீடு கன்னடம், தும்கூர்ப் பக்கம். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் சரியாகத் தெரியாது. இதைவிட வசதி கிடைக்காது என்று வேதநாயகி கண்ணடித்தாள்.

எனக்கு நடிப்பு வராது. அதனால் இருக்கிறதையே வைத்துக்கொள்ளலாம் என்று, கல்யாணப் பெண்ணுக்குப் பள்ளியில் பாடம் எடுத்த டீச்சர் என்று முடிவு செய்தேன். பட்டுப்புடவை கட்டி, பேருக்கு ஒரு மொய்க்கவரும் எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் பெண்ணின் அப்பா கோவிந்தன் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

வாசல் போர்டில் 'சிந்து, ரகு' என்று எழுதியிருந்ததை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, "நான் சிந்துவோட டீச்சர்" என்றேன்.

"அட, வாங்க வாங்க! இப்பத்தான் சிந்துவோட டிரில் மாஸ்டரும் வந்தாரு. ரெண்டு பேரும் ஒரே ஸ்கூல்தானே, பாத்துருப்பீங்களே!" என்று கையைக் காட்டினார்.

அங்கே தனக்கோடி நின்றுகொண்டிருந்தான். வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டை, கழுத்தில் நிஜமான விசில்! கல்யாணத்துக்கு விசிலோடு வந்திருந்தான் அந்தப் புண்ணியவான். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறி, பிறகு சிவந்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான். நான் சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு, "நல்லா இருக்கீங்களா மாஸ்டர்?" என்றேன். கோவிந்தன் அகமகிழ்ந்துபோய் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

சீனிவாசராகவன் சாரின் கதி இன்னும் மோசம். மைசூரிலிருந்து வந்த பட்டு வியாபாரியாக வந்திருந்தார், சரிகைத் தலைப்பாகை வேறு. ஆனால் மல்லேஸ்வரத்தில் அவரைத் தெரியாதவர் யார்? சமையல்காரர் வெளியே வந்து, "நமஸ்காரம் சார், என்ன தலைப்பாவெல்லாம்?" என்றார். பூக்காரி கேட்டாள். சத்திரத்து மேனேஜர் கேட்டார். பாவம், "இது ஒரு பயிற்சி, இது ஒரு பயிற்சி" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டார்.

வேதநாயகி வந்தாள். மாம்பழக் கலர் புடவை, கசங்கியது. வேண்டுமென்றே கசக்கியிருக்கிறாள். கையில் ஒரு பழைய ரெக்ஸின் பை. ராத்திரி ரயிலில் வந்தவளேதான்! நேராக டிபன் பந்திக்குப் போய் உட்கார்ந்தாள். நாங்கள் எதிர் வரிசையில். இலையில் உப்புமாவும் கேசரி பாத்தும் வடையும் விழுந்தன.

அவள் பக்கத்தில் நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண்மணி. யாரோடும் பேசாமல், தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேதநாயகிக்கு அது போதாதா? லைன் கொடுத்துவிட்டாள். அவர் கன்னடத்தில் சொன்னதும் இவள் கன்னடத்தில் சொன்னதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. தமிழில் சொல்கிறேன்.

தான் மாப்பிள்ளையின் பெரியப்பா மகள் என்றாள் வேதநாயகி. ஹூப்ளியில் கட்டிக்கொடுத்தது. சின்ன வயதில் மாப்பிள்ளை ரகுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவளே தான்தான் என்றாள். அப்புறம் ஒரு மனஸ்தாபம். சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு, ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் தட்டில் குங்குமம் வைத்து நேரில் போய்க் கூப்பிட்டவர்கள், இவளுக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார்கள். "தபால்காரர் வந்து கூப்பிட்டா போயிடுவாங்களா? நானும் போகல. அவங்களும் ஏன் வரலன்னு கேக்கல. அப்படியே வருஷம் ஓடிப்போச்சு" என்று சொல்லும்போது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே அந்தச் சித்தப்பா மேல் கோபம் வந்தது. தனக்கோடி என் காதில், "அக்கா பின்றாங்க டீச்சர்" என்றான்.

பக்கத்துப் பெண்மணி சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்.

"இந்தக் கல்யாணத்துக்கு எப்படிக் கூப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

"இதுக்கும் தபால்தான்."

"அப்ப ஏன் வந்தீங்க?"

"தூக்கி வளர்த்த பிள்ளையாச்சே. கடைசி வரிசையில உட்காந்து, தாலி கட்டறதைப் பார்த்துட்டு, யாருக்கும் தெரியாம போயிடலாம்னு."

அந்தப் பெண்மணி தண்ணீர் குடித்தார். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். "எல்லாம் சரியா சொன்னீங்க. ஊர் மட்டும் தப்பு. ஹூப்ளி இல்ல, தாவணகெரே" என்றார். "அந்தப் பெரியப்பாவுக்கு ஒரே மக. நான்தான். என் பேரு ஸ்ரீவித்யா."

வேதநாயகியின் வாயில் வடை இருந்தது. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நான் எதிர் வரிசையில் கர்த்தரைக் கூப்பிட்டேன். தனக்கோடி விசிலை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

எந்தக் குடும்பத்தில்தான் இல்லை தபாலில் கூப்பிடப்பட்ட ஒரு பெண்? யோசித்து யோசித்து, எங்கேயும் இருக்கக்கூடிய ஒருத்தியைச் செய்துகொண்டு வந்திருந்தாள் வேதநாயகி. அந்த ஒருத்தி பக்கத்து இலையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நான் கதை எழுதப் பழகறவ. இது ஒரு... பயிற்சி. கிளம்பிடறேன்" என்று வேதநாயகி பையை எடுத்தாள். அவ்வளவுதான், இறங்கப் போகிறாள். நானும் எழுந்துவிட்டேன். சமையற்கட்டுப் பக்கம் ஒரு வாசல் இருப்பதை முன்பே பார்த்து வைத்திருந்தேன்.

ஸ்ரீவித்யா அவள் கையைப் பிடித்தார். கோபமே இல்லை அந்த முகத்தில். ஒரு தவிப்புதான் இருந்தது.

"போகாதீங்க. இவ்வளவு சொன்னீங்களே, மீதியையும் சொல்லுங்க. அவ கடைசி வரிசையில உட்காந்தா, சரி. அப்புறம் என்ன பண்ணா?"

எத்தனை சனிக்கிழமை நான் கேட்ட கேள்வி! நான் கேட்டபோதெல்லாம் காகிதத்தை மடித்தவள், இப்போது மடிக்கக் காகிதம் இல்லாமல் நின்றாள். கேட்கிறவர் சும்மா கேட்கவில்லை. அந்த அம்மாவுக்கு அந்த விடை வேண்டியிருந்தது. கெட்டிமேளத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அதற்குள் கோவிந்தன் ஓடி வந்தார். பந்தியில் யாரோ காதில் வாங்கிக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"அம்மா, நீங்க மாப்பிள்ளைக்கு அக்கா முறையாமே! காலையில இருந்து தலையைப் பிச்சிக்கிறோம். மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்த பொண்ணு இல்ல, நாத்தனார் முடிச்சுப் போட ஆள் இல்லன்னு. எங்க பக்கத்துல முதல் முடிச்சுத்தான் மாப்பிள்ளை போடுவாரு, மீதி ரெண்டும் நாத்தனார்தான் போடணும். வாங்கம்மா, நேரமாவுது!"

வேதநாயகியின் முழங்கையைப் பிடித்து இழுத்தார். சுற்றி நின்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். "நாத்தனார் வந்தாச்சு, நாத்தனார் வந்தாச்சு!" எங்கள் வேதநாயகி மேடையை நோக்கி நகர்த்தப்படுகிறாள். கழுவாத கையில் கேசரி. யாரோ அவள் தலையில் ஒரு முழம் மல்லிகையை வேறு வைத்துவிட்டார்கள். எனக்குப் பயத்தில் சிரிப்பு வந்துவிட்டது, நிறுத்தவே முடியவில்லை. தனக்கோடியோ, "டீச்சர், விசில் அடிக்கட்டுமா?" என்றான். எதற்கு என்று அவனுக்கே தெரியாது.

மேடைப் படிக்கு முன்னால் வேதநாயகி நின்றுவிட்டாள். ஊன்றி நின்றாள். ஃபாக்டரி முழுக்கக் கேட்கிற அந்த ஆபரேட்டர் குரலில், நாதஸ்வரத்தையும் மீறிச் சொன்னாள்:

"நான் இல்லீங்க. மாப்பிள்ளையோட அக்கா அங்க, பந்தியில உட்காந்திருக்காங்க. ஸ்ரீவித்யா. தாவணகெரேலருந்து வந்திருக்காங்க. ஆனா நீங்க யாரு போய்க் கூப்பிட்டாலும் வர மாட்டாங்க. மாப்பிள்ளையோட அப்பா, தட்டுல குங்குமம் எடுத்துக்கிட்டு, நேர்ல போய்க் கூப்பிடணும்."

பிறகு அதையே கன்னடத்தில் மேடையைப் பார்த்துச் சொன்னாள்.

மேளக்காரர் கையை நிறுத்தினார். மாப்பிள்ளையின் அப்பா, பெரிய மீசைக்காரர், ஒரு நிமிஷம் எதுவும் புரியாமல் பார்த்தார். "வித்யாவா? வந்திருக்காளா?" என்றார். அவர் மனைவி குங்குமத் தட்டை எடுத்து அவர் கையில் திணித்தார். ஐயர் முகூர்த்தம், முகூர்த்தம் என்று கத்தினார். மீசைக்காரர் காதில் வாங்கவில்லை. வேட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் பந்திக்கு வந்தார், சபை முழுதும் திரும்பிப் பார்க்க.

எச்சில் இலைக்கு முன்னால் எழுந்து நின்றார் ஸ்ரீவித்யா. சித்தப்பா தட்டை நீட்டினார். பிறகு, "நீனு பரலேபேகம்மா" என்றார். நீ வந்தே ஆகவேண்டும் அம்மா. அதைச் சொல்ல அவருக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. அவ்வளவு பெரிய மீசை நடுங்கியதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்று, வெட்கம் கெட்டு அழுதேன். தனக்கோடியும் அழுதான், சத்தமாக.

ஸ்ரீவித்யா குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்டார். மேடைக்குப் போகும் வழியில் வேதநாயகியின் பக்கத்தில் நின்று, அவள் கன்னத்தைத் தொட்டு, கன்னடத்தில் ஒரே வார்த்தை சொன்னார்: "ஹோதளு." அவள் போனாள். கேள்வி கேட்டவரே விடையையும் வாங்கிக்கொண்டு படியேறினார். கெட்டிமேளம் முழங்க, இரண்டு முடிச்சும் அவர் கையால் விழுந்தன. இடுப்பில் வளர்ந்த பிள்ளை, தாலி கட்டிய கையோடு அக்காவைக் கட்டிக்கொண்டு விசும்பியது. அட்சதையை நான் கணக்கில்லாமல் அள்ளி அள்ளிப் போட்டேன்.

சந்தடி அடங்கியதும் மாப்பிள்ளையின் அப்பா எங்களைத் தேடி வந்தார். எங்களில் யார் பெண் வீடு, யார் மாப்பிள்ளை வீடு என்று கேட்டார். தனக்கோடி விசிலை வெளியே எடுத்துக் காட்டி உண்மையை ஒப்புக்கொண்டான். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "சாப்பாட்டுப் பந்திக்கும் இருந்துட்டுத்தான் போகணும். இது நேரில் கூப்பிடறது" என்றார். சீனிவாசராகவன் சார் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு முதல் ஆளாக எழுந்தார்.

வேதநாயகியைக் காணவில்லை. கிளம்பிவிட்டாள் போலிருக்கிறது என்று எனக்குப் பகீர் என்றது. தேடிப் பார்த்தால், சத்திரத்துப் பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட ஒரு அண்டாவின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் யாரிடமோ வாங்கிய கல்யாணப் பத்திரிகைகள். அவற்றின் பின்பக்கத்தில் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தாள். எழுதிய அட்டைகள் காலடியில் கிடந்தன, கேசரிக் கறையோடு. தலையில் அந்த மல்லிகைப் பூ சரிந்து காதில் தொங்கியது.

"ஏய் வேதா, இலை போட்டாச்சு, வா" என்றேன்.

அவள் நிமிரவில்லை. இடது கையை மட்டும் தூக்கி என்னை நிறுத்தினாள்.

"பேசாதீங்க டீச்சர். கடைசி பாரா வந்துட்டு இருக்கு."